வாண்டுமாமா

வாண்டுமாமா (ஏப்ரல் 21, 1925 – ஜூன் 12, 2014) தமிழ்ச் சிறுவர் எழுத்தாளரும் இதழாசிரியரும் சித்திரக்கதை ஆசிரியரும் ஆவார். இவரது இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள அரிமளம் என்னும் ஊரில் பிறந்தவர். பெரியவர்களுக்கான சிறுகதைகளையும் புதினங்களையும் கௌசிகன் என்ற பெயரில் எழுதினார். மாயக்கதை, சாகசக்கதை, அறிவியல் கட்டுரை, சித்திரக்கதை எனப் பல துறைகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நூல்களைச் சிறுவர்களுக்காக எழுதியுள்ளார். 'கோகுலம்', 'பூந்தளிர்' ஆகிய இதழ்களை உருவாக்கியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. இவற்றுள் பூந்தளிர், பல சித்திரக்கதைகளை ஒரே அட்டைக்குள் தொகுத்துத் தந்த இதழ் என்ற வகையில் தமிழில் தனியிடம் பெற்றது.

பிறப்பும் பின்புலமும்

அரிமளம் திருமயம் வட்டத்திலுள்ள ஒரு பேரூராட்சி. கிருஷ்ணமூர்த்தி பிறந்த 1925 ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டம் என்று ஒன்று இல்லை. அவ்வூர் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னராக இருந்தார். சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரியில்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமானது.

தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தில் இச்சிறு நிலப்பகுதியின் பங்கு வியப்புக்குரியது. அதே திருமயம் வட்டத்தைச் சேர்ந்த இராயவரத்தில்தான் 'சக்தி' இதழையும் 'அணில்' என்ற சிறுவர் இதழையும் வெளியிட்ட வை. கோவிந்தன் 1912 இலும், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922 இலும் பிறந்தனர். 1940களிலும் 1950களிலும் புதுக்கோட்டை நகரிலிருந்து சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய இந்தியாவில் அச்சுத்தாளுக்கு இருந்த கட்டுப்பாடு சமஸ்தானத்தில் அவ்வளவு கடுமையாக இல்லாததே இதற்குக் காரணம் என்பர். அவ்விதழ்களுள் பல ஓரிரு ஆண்டுகளே நீடித்தன. ஆயினும் சிறுவர்களுக்கெனத் தனியே இதழ் நடத்தலாம், அதை அவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற நம்பிக்கையை அவை ஏற்படுத்தின.

கிருஷ்ணமூர்த்தி வளர்ந்தது திருச்சியில். மாணவப் பருவத்திலேயே எழுத்திலும் ஓவியத்திலும் ஈடுபாடு கொண்டு கையெழுத்து இதழ் நடத்தினார். கையெழுத்து இதழ் என்பது அக்கால இளைஞர்களின் பயிற்சிக் களம். கதை, கட்டுரை, கேலிச்சித்திரம், அட்டைப்படம் அனைத்தையும் ஓரிருவரே எழுதி, வரைந்து, தைத்து, ஒரே ஒரு படியை வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவர். ஓர் இதழின் எல்லாப் பக்கங்களையும் ஒருவரே நிரப்பும் பழக்கம் அவருக்கு அங்கே தொடங்கியது எனலாம். பிற்காலத்தில் அவர் பொறுப்பேற்ற இதழ்களில் இந்தப் பழக்கம் பெரிதும் கைகொடுத்தது.

பெயர்கள்

வாண்டு என்பது துடுக்கான சிறுவனைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல். சிறுவர்களுக்காக எழுதுவோரும் வானொலியில் பேசுவோரும் அண்ணா, மாமா, அக்கா, தாத்தா என்று உறவுப் பெயர் சூட்டிக்கொள்வது அந்நாளைய வழக்கம். ஆயினும் இப்பெயரில் ஒரு சிறப்பு உண்டு. வாண்டுகளுக்கு மாமா என்றும் பொருள் கொள்ளலாம், வாண்டாக இருக்கும் மாமா என்றும் பொருள் கொள்ளலாம். அவரது கதைகளை வாசித்தவர்கள் இரண்டாவது பொருளையே ஏற்பர்.

கௌசிகன் என்ற பெயரில் அவர் எழுதியவற்றுள் 'பாமினிப் பாவை', 'சுழிக்காற்று', 'சந்திரனே நீ சாட்சி' ஆகிய புதினங்கள் குறிப்பிடத்தக்கவை. இரண்டு பெயர்களும் ஒருவருடையவை என்பதை அறியாத வாசகர் பலர் இருந்தனர். அவர் பணியாற்றிய கல்கி வார இதழை நிறுவிய கல்கியின் இயற்பெயரும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்பதால் நூலகப் பட்டியல்களைப் பார்ப்போர் கவனமாக இருத்தல் நலம்.

கல்கியில் சித்திரக்கதைகள்

'வானவில்', 'கிண்கிணி' முதலிய சிறுவர் இதழ்களில் பணியாற்றிய பின் வாண்டுமாமா கல்கி நிறுவனத்தில் சேர்ந்து நெடுங்காலம் அங்கே இருந்தார். 1941 இல் தொடங்கப்பட்ட கல்கி பெரியவர்களுக்கான வார இதழ். எனினும் அதில் சிறுவர் பகுதி ஒன்று இருந்தது. படங்களோடு கூடிய தொடர்கதைகளை அவர் அதில் எழுதினார். வினு, செல்லம் முதலிய ஓவியர்கள் அவரது கதைகளுக்கு உருவம் கொடுத்தனர். 'ஓநாய்க்கோட்டை', 'காட்டுச் சிறுவன் கந்தன்' ஆகியவை அவரது சித்திரக்கதைகளுள் பெயர் பெற்றவை.

வார இதழில் வரும் சித்திரக்கதைத் தொடருக்குக் கிடைப்பது ஓரிரு பக்கங்களே. அந்த இடத்துக்குள் சென்ற வாரம் விட்ட இடத்தை நினைவூட்ட வேண்டும். கதையை ஓரடி முன்னே நகர்த்த வேண்டும். கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும் ஓசையையோ பாறை உருளும் காட்சியையோ காட்டி நிறுத்த வேண்டும். படம் சொல்வதை எழுத்து மறுபடி சொன்னால் இடம் வீணாகும். எழுத்து மிகக் குறைந்தால் இளம் வாசகருக்குத் தொடர்ச்சி விடுபடும். வாண்டுமாமா ஓவியம் பயின்றவராதலால் கட்டம் கட்டமாகக் கதையை எண்ணிப் பார்க்க அவரால் முடிந்தது. எழுத்தாளர் கதையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட, ஓவியர் தம் விருப்பப்படி வெட்டி அடுக்குவது பரவலாக இருந்த காலம் அது. இவரது சித்திரக்கதைகளின் சீரான ஓட்டத்துக்கு இந்த ஓவியப் பயிற்சியே காரணம் என்று கொள்ளலாம்.

இத்தகைய தொடர்களை வாசித்த முறையும் தனியானது. வீட்டுக்கு வரும் வார இதழ் முதலில் பெரியவர்கள் கைக்குப் போகும். சிறுவர்களுக்கு அது கடைசியில்தான் கிட்டும். தொடர் முடிந்த பின் அப்பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, அட்டை போட்டுத் தைத்து வைப்பது தமிழ்நாட்டு வீடுகளில் பொது வழக்கம். இவ்வாறு உருவான பைண்டு புத்தகங்கள் உறவினர் வீடுகளுக்கும் வாடகை நூலகங்களுக்கும் பயணம் செய்தன. இவரது தொடர்களைப் பிற்காலத் தலைமுறையினர் பலர் முதன்முதலில் கண்டது இத்தகைய பைண்டு புத்தகங்களிலேயே.

கோகுலம்

கல்கி நிறுவனம் 1972 இல் கோகுலம் என்ற சிறுவர் இதழைத் தொடங்கியது. அதன் உருவாக்கத்தில் வாண்டுமாமா முதன்மையாகப் பங்காற்றினார். பின்னர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அழ. வள்ளியப்பா அதன் கௌரவ ஆசிரியராக இருந்தார். ஒரே வட்டத்தில் பிறந்த இருவர் வெவ்வேறு காலங்களில் ஒரே இதழை வளர்த்தனர் என்பது புதுக்கோட்டைக்காரர்கள் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தி.

இவரது புகழ்பெற்ற பாத்திரமான பலே பாலு, ஓவியர் செல்லத்தின் கைவண்ணத்தில் உருப்பெற்றது. பாலு அரசகுமாரன் அல்லன். அரைக்கால் சட்டை அணிந்த நம் தெருச் சிறுவன். மாயம் அவனைத் தேடி வருகிறது. 'பலே பாலுவும் பறக்கும் டிராயரும்' என்ற கதைத் தலைப்பே வாண்டுமாமாவின் போக்கைக் காட்டப் போதுமானது. அரேபியக் கதைகளில் கம்பளம் பறக்கும். மேலைநாட்டுச் சித்திரக்கதைகளில் நாயகன் மேலங்கியுடன் பறப்பான். இங்கே பறப்பது கால்சட்டை. தமிழ்ச் சிறுவன் தன்னிடம் இருப்பதை வைத்தே வானில் ஏறலாம் என்ற நகைச்சுவை அதில் உள்ளது.

பூந்தளிர்

தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கு 1984 ஒரு முக்கியமான ஆண்டு. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அவ்வாண்டில்தான் தோன்றின. பூந்தளிர் வந்ததும் அதே ஆண்டில்தான். கொச்சியைச் சேர்ந்த, மலையாளத்தில் 'பூம்பாற்ற' என்ற சிறுவர் இதழை நடத்திவந்த பைக்கோ நிறுவனம் இதனை வெளியிட்டது. வாண்டுமாமா ஆசிரியராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 59. பலர் ஓய்வை நினைக்கும் வயதில் அவர் தம் வாழ்வின் மிகச்சிறந்த இதழைத் தொடங்கினார் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பூந்தளிரின் இடத்தை உணர அதற்கு முந்தைய நிலையைச் சற்று நோக்க வேண்டும். பிரித்தானியாவில் சித்திரக்கதை என்பது பெரும்பாலும் வாரத் தொகுப்பிதழாகவே வளர்ந்தது. ஒரே இதழில் துப்பறிவாளர், விண்வெளி வீரர், பேய்வீடு, கால்பந்து வீரர் என ஏழெட்டுத் தொடர்கள் இரண்டு மூன்று பக்கங்கள் வீதம் வரும். தமிழர்கள் நன்கறிந்த இரும்புக்கை மாயாவி அவ்வாறுதான் 1962 இல் 'வேலியண்ட்' என்ற வார இதழில் பிறந்தது. 1972 இல் முத்து காமிக்ஸ் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது வாரப் பகுதிகளை ஒன்றாக இணைத்து ஒரு முழுநீளப் புத்தகமாக்கியது. ஒரே மூச்சில் வாசித்து முடிக்கலாம் என்பதால் வாசகர்கள் அதைப் பெரிதும் வரவேற்றனர். ஆனால் பல உலகங்கள் அடுத்தடுத்த பக்கங்களில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அனுபவம் அதில் கிட்டவில்லை. பிரான்சில் 1974 இன் இறுதியில் 'மெட்டல் யூர்லான்', பிரித்தானியாவில் 1977 இல் '2000 ஏடி', அதே ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் 'ஹெவி மெட்டல்' என அறிவியல் புனைவுக்கும் மிகைப்புனைவுக்கும் உரிய தொகுப்பிதழ்கள் தோன்றின. அவை சற்று முதிர்ந்த வாசகர்களுக்கானவை. தமிழில் அவ்வயதினருக்கான அத்தகைய இதழ் நிலைபெறவில்லை. தொகுப்பிதழ் என்னும் வடிவம் இங்கே சிறுவர் இதழ் வழியாகவே வந்தது. அம்புலிமாமா 1947 முதலே பல கதைகளைத் தொகுத்து அளித்தபோதிலும் அதன் அடிப்படை உரைநடைக் கதையே. சித்திரக்கதையை முதன்மையாக வைத்ததில்தான் பூந்தளிர் வேறுபட்டது.

ஓர் இதழைத் திறந்தால் கபீஷ் என்ற குரங்கின் வால் தேவைக்கேற்ப நீளும். இரண்டு பக்கம் தள்ளிக் காக்கை காளி தன் காட்டு நண்பர்களைக் காப்பாற்றும். கோழையான வேட்டைக்கார வேம்பு தற்செயலாகவே வீரனாகிவிடுவார். சொன்னதைச் சொன்னபடியே செய்து எசமானரைத் திண்டாட வைப்பான் சுப்பாண்டி. இவற்றுக்கிடையே வாண்டுமாமாவின் சொந்தச் சித்திரக்கதைகள், உரைநடைக் கதைகள், அறிவியல் துணுக்குகள், புதிர்கள் இடம்பெறும். கபீஷ் முதலிய பாத்திரங்கள் மும்பையில் அனந்த் பையின் முயற்சியால் உருவாகிப் பல இந்திய மொழிகளுக்குச் சென்றவை. சுப்பாண்டியின் பயணம் இன்னும் சுவையானது. திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியனுப்பிய தமிழ் நாட்டுப்புறக் கதைகளின் அடிப்படையில் 1983 இல் 'டிங்கிள்' என்ற ஆங்கில இதழில் அவன் தோன்றினான். காவிரிக் கரையிலிருந்து மும்பைக்குப் போய், படமாகி, ஆங்கிலம் பேசிய பின், பூந்தளிர் வழியாகத் தமிழுக்குத் திரும்பினான்.

பிறமொழிச் சித்திரக்கதைகளைத் தமிழாக்கும்போது பேச்சுக்குமிழின் அளவுக்குள் தமிழ் அடங்க வேண்டும் என்பது எப்போதும் உள்ள சிக்கல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் நான்கு சொற்களுக்கு வரைந்த குமிழில் தமிழ் வாக்கியம் பிதுங்கும். பூந்தளிரின் தமிழ் சுருக்கமானது, வாய்விட்டு வாசிக்க ஏற்றது. வேட்டைக்கார வேம்பு, காக்கை காளி ஆகிய பெயர்களில் உள்ள மோனை, மூலப் பெயர்களின் ஓசை நயத்தைச் சிதைக்காமல் தமிழுக்குக் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பு என்ற எண்ணமே எழாத அளவுக்கு அப்பாத்திரங்கள் உள்ளூர்க்காரர்களாயின.

தொகுப்பிதழை வாசிப்பதில் ஒரு சுதந்திரம் உண்டு. முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒருவர் சுப்பாண்டியை முதலில் தேடுவார். இன்னொருவர் தொடரின் அடுத்த பகுதிக்குப் பாய்வார். பிடித்தவை தீர்ந்த பின்னர் மிச்சமிருப்பது அறிவியல் கட்டுரையும் வாழ்க்கை வரலாறுமே. வேறு எதுவும் வாசிக்க இல்லாத பிற்பகலில் அவையும் வாசிக்கப்படும். மாயக்கதைக்காக வாங்கிய இதழில் விமானம் பறப்பதன் காரணமும் தெரிந்துவிடும். இவ்விதழில் வாண்டுமாமாவின் உண்மையான சாதனை இந்தக் கலவையின் அளவில் இருந்தது. அறிவுரையை அவர் தனிப் பக்கமாக ஒதுக்கவில்லை. கதைக்கும் அதே மரியாதை, தகவலுக்கும் அதே மரியாதை.

பைக்கோ நிறுவனம் உலக இலக்கியங்களைச் சித்திரக்கதை வடிவில் தந்த 'பைக்கோ கிளாசிக்ஸ்' வரிசையையும் தமிழில் வெளியிட்டது. பூந்தளிர் 1980களின் இறுதியில் நின்றது.

மாயமும் அறிவியலும்

வாண்டுமாமாவின் நூல்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிப்பர். 'மந்திரச் சலங்கை', 'குள்ளன் ஜக்கு', 'நெருப்புக் கோட்டை', 'மரகதச் சிலை' போன்ற கதைகள் ஒரு புறம். 'தோன்றியது எப்படி', 'மருத்துவம் பிறந்த கதை', 'பரவசமூட்டும் பறவைகள்', 'நமது உடலின் மர்மங்கள்' போன்ற அறிவு நூல்கள் மறுபுறம். இவற்றை எழுதியவர் ஒருவரே என்பதை இந்தப் பிரிவு மறைத்துவிடுகிறது. அறிவு நூல்களின் தலைப்புகளிலேயே கதை, மர்மம், பரவசம் என்ற சொற்கள் வருவதைக் காணலாம். மறுதலையாக அவரது மாயக்கதைகளில் மந்திரப் பொருளுக்கும் விதிமுறை உண்டு. அதனால் இது முடியும், இது முடியாது என்று எல்லை இருக்கும். அந்த எல்லையை அறிந்து பயன்படுத்தும் சிறுவனே வெல்வான்.

இவரது எழுத்தின் மீது குறைகளும் சொல்லப்படுவதுண்டு. மந்திரவாதி, பூதம், அரசகுமாரி ஆகியவை நிறைந்த கதைகள் சிறுவர் மனத்தில் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்ற வாதம் பகுத்தறிவுச் சூழலில் வலுவாக இருந்தது. மேலைநாட்டுச் சாகசக் கதைகளின் சாயலையும் சில இடங்களில் காணலாம். முதல் குறைக்கு அவரது நூற்பட்டியலே ஓரளவு விடை. இரண்டாவது அக்காலத் தமிழ் வெகுசன எழுத்து முழுமைக்கும் பொருந்துவது.

சிறுவர் இலக்கியத்துக்குத் தமிழில் கிடைத்த மதிப்பு எப்போதும் குறைவே. இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் அதற்கு ஓரிரு பக்கங்கள் ஒதுக்கப்படும். அப்பக்கங்களிலும் பாடல் எழுதியோர் முதலிடம் பெறுவர், சித்திரக்கதை எழுதியோர் பெரும்பாலும் இடம்பெறார். தாம் பிறருக்கு உழைத்த ஆண்டுகளையும் பட்ட இன்னல்களையும் வாண்டுமாமா தம் வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவு செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'எதிர்நீச்சல்'.

மறைவும் நூல்களின் நிலையும்

வாண்டுமாமா 2014 ஜூன் 12 அன்று தமது 89 ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

அவரது உரைநடை நூல்கள் பல வானதி பதிப்பகம் முதலியவற்றால் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டன. இதழ்களோடு மறைந்த சித்திரக்கதைகளின் நிலை வேறு. உரைநடையை மறுபடி அச்சுக்கோக்கலாம். சித்திரக்கதைக்கு மூல ஓவியம் வேண்டும், இல்லையேல் நல்ல நிலையிலுள்ள இதழ்ப் பக்கம் வேண்டும். வார இதழ்கள் அச்சான தாள் மலிவானது. சில பத்தாண்டுகளில் பழுப்பேறி நொறுங்கும். மூல ஓவியங்களைப் பேணும் வழக்கம் இதழ் அலுவலகங்களில் அரிது. பழைய புத்தகங்களுக்குப் பெயர் போன சென்னை மூர் மார்க்கெட் 1985 இல் எரிந்தபோது இத்தகைய பழைய இதழ்களும் சாம்பலாயின. ஆகையால் இவரது தொடர்களைத் தேடுவோருக்கு வாசகர்கள் தைத்து வைத்த பைண்டு புத்தகங்களே முதன்மையான ஆதாரமாகின்றன. அவற்றில் அட்டைப்படம் இராது. இதழின் நாள் இராது. ஓரத்தை வெட்டியதில் ஓவியரின் கையெழுத்தும் சில வேளைகளில் போயிருக்கும். கதை மட்டும் முதலிலிருந்து முடிவு வரை இருக்கும்.

பழந்தமிழ் இதழ்களைத் திரட்டுவதில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகமும் குறிப்பிடத்தக்கவை. சித்திரக்கதைகளைப் பொறுத்தவரை, பழைய இதழ்களைச் சேகரித்து ஒப்பிட்டு, எந்தத் தொடர் எந்த ஆண்டில் வந்தது, வரைந்தவர் யார் என்று பட்டியலிடும் பணியைப் பெரும்பாலும் 1980களில் பூந்தளிர் வாசித்து வளர்ந்தவர்களே செய்து வந்துள்ளனர்.